அட்டையின் மூன்றாம் வரி

மார்ச் 3, செவ்வாய்

நாற்பத்தாறு பேருக்குப் பல் வேண்டுமாம். போன வருஷம் முப்பத்தொன்று. செத்துப்போக ஆசைப்படுகிறவர்கள் ஊரில் கூடிக்கொண்டே போகிறார்கள்.

மருந்துக்கடைக்காரர் மத்தியானம் லேபுக்கே வந்து பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஜாம்பி நடைக்கு அவர்தான் தலைவர், செயலாளர், எடுபிடி எல்லாம். வருஷத்தில் ஒரு ஞாயிறு, சாயந்தரம் நாலு மணிக்கு, விளையாட்டு மைதானத்திலிருந்து பழைய தபால் நிலையம் வரை செத்த பிணங்களாக வேஷம் போட்டுக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடப்போம். அவ்வளவுதான் விஷயம். எதற்கு என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஆனால் பல் லேபில் வருஷம் முழுக்க உயிருள்ளவர்களுக்குப் பளிச்சென்று பல் செட் செய்கிறவளுக்கு, கறுத்து உடைந்துபோன பல் செய்வதில் தனி சந்தோஷம். இன்னும் கொஞ்சம் வெள்ளையாக வேண்டும் என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

நான் இப்போது நடப்பதில்லை. மெக்கானிக் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. (என் வீட்டுக்காரரை நான் மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.) அவர் லிஃப்ட் குழியில் விழுந்த வருஷத்துக்கு அடுத்த நடைக்கு நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போன வருஷம் என் சிநேகிதி சுருட்டை வந்து, "நடக்க வேணாம் டி, பல்லு மட்டும் செஞ்சு குடு. உன் கை சும்மா இருந்தா உன் தலை சும்மா இருக்காது" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டில் அத்தை (மெக்கானிக்கின் அம்மா) பட்டியலைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை பேருக்கும் பல்லு சொத்தையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

அலமாரியில் மெக்கானிக்கின் தட்டைக் காலி செய்தேன். அத்தையின் துணிகள் இன்னும் பெட்டியிலேயே கிடக்கின்றன. மகன் போன மறுமாதம் நாத்தனார் வீட்டிலிருந்து என்னோடு வந்து தங்கியவர், மூன்று வருஷமாகப் பெட்டியைத் திறந்து மூடுகிறார். நானாகச் செய்ய வேண்டியதை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

அத்தை நடக்கப் போன நேரம் பார்த்துச் சுருட்டையை வரச் சொன்னேன். முடி வெட்டும் கடைக்கு ஒரு மணி நேரம் பூட்டுப் போட்டுவிட்டு வந்தாள். சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் அவளே எடுத்து அவளே மடித்தாள். கம்பெனி சட்டை வந்ததும் என்னால் முடியவில்லை. இரண்டு செட் கொடுப்பார்கள். ஒன்று அன்றைக்கு அவரோடு போனது. இது மற்றது. சாம்பல் நிறம், பாக்கெட் ஓரத்தில் பச்சை நூல் தையல். அத்தை ஒரு தடவை வந்திருந்தபோது பிய்ந்திருந்ததைப் பார்த்து, கையில் கிடைத்த நூலை வைத்துத் தைத்துவிட்டார்.

"எங்கயாவது குடுத்துடு டி. யாருக்குக் குடுத்தேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத" என்றேன்.

"நான் பாத்துக்கறேன், விடு" என்று பைக்குள் வைத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

பிறகு உட்கார வைத்து, "அன்னிக்குக் காலைல நடந்ததை இன்னொரு தடவை சொல்லு. மனசு லேசாகும்" என்றாள். சொன்னேன். எது முதலில், எது பிறகு, அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரிசையாகக் கேட்டாள். அது இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இப்படிக் காது கொடுத்துக் கேட்க ஒருத்தி கிடைத்தது நான் செய்த புண்ணியம்.

அத்தைக்கு நான் சொல்லி வைத்திருப்பது வேறு. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா கிளம்பினான்?" என்று கேட்டார். "சிரிச்சுக்கிட்டே போனார் அத்தை. படியில நின்னு திரும்பிப் பாத்துக் கை காட்டிட்டுப் போனார்" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அது. இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதே கேள்வியைக் கேட்பார், நானும் அதே பதிலைச் சொல்வேன். சொன்ன பிறகு அவர் முகம் தெளிந்துவிடும். இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார். அந்த முகத்தைக் கெடுக்க எனக்கு எப்போதும் தைரியம் வந்ததில்லை.

மார்ச் 12, வியாழன்

அட்டை எழுதும் நாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதிலிருந்து எல்லாருக்கும் நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு பிணத்தின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். மூன்று வரி. யாராக இருந்தேன், எப்படிச் செத்தேன், கடைசியாகக் கேட்ட சொல் என்ன. மூன்றாவது வரி மெக்கானிக்கின் யோசனை. முதல் வருஷம் அவர் போட்டுக்கொண்ட அட்டை எனக்கு இன்னும் மனப்பாடம். "குழாய் ரிப்பேர்காரன். குழாய்க்குள் சிக்கிச் செத்தேன். கடைசியாகக் கேட்டது: இன்னும் கொஞ்சம் உள்ள போங்க, அதோ தெரியுது."

விசில் ஊதியதிலிருந்து தபால் நிலையம் போய்ச் சேரும்வரை செத்தவர் வாய் பேசக்கூடாது. யார் கூப்பிட்டாலும், அழுதாலும், கிச்சுக்கிச்சு மூட்டினாலும் உறுமல் மட்டும்தான். பேசினால் அந்த வருஷத்துக் கணக்கில் சேராது. கடைசியில் கைதட்டலை வைத்து ஒருவருக்குச் "சிறந்த சாவு" பரிசு.

இந்த வருஷம் கணக்கு டீச்சர், விடைத்தாள் திருத்தும்போது செத்திருக்கிறார். கடைசியாகக் கேட்டது: மிஸ், இன்னொரு பேப்பர். வங்கிக்காரர் வரிசையில் நின்றே செத்திருக்கிறார். எழுதும்போதே சிரிப்பு அடக்க முடியவில்லை.

சுருட்டையின் அட்டையை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள். "என்னோடத நானே எழுதிக்கறேன்."

"உன் கையெழுத்தைப் பாத்தா பாக்கறவங்களும் செத்துடுவாங்க டி."

"இருக்கட்டும் பல்லி. இந்தத் தடவை சஸ்பென்ஸ்."

பல் கட்டுவதால் நான் பல்லி. இந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இப்போது இவள் ஒருத்திதான் மிச்சம்.

மார்ச் 15, ஞாயிறு

சுருட்டை மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. கடையில் கூட்டம் என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 21, சனி

நாற்பத்தாறும் தயார். லேப் முதலாளி ஒரு செட்டை எடுத்துத் தன் வாயில் வைத்துக் கண்ணாடி பார்த்துவிட்டு, "இதுல இருக்கற அக்கறையை நம்ம ஆர்டர்ல காட்டக் கூடாதா?" என்றார்.

சுருட்டை கடைசியில் ஒருவழியாகப் போனை எடுத்தாள். நாளைக்கு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வருவாளாம், உள்ளே என்ன வேஷம் என்று கேட்கக் கூடாதாம். குரலில் அவ்வளவு துள்ளல்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாப் பல்லும் பொருந்தின. வேறு எதையும் இன்று எழுத முடியாது.

மார்ச் 23, திங்கள்

லேபுக்கு லீவு. காய்ச்சல் என்று அத்தையிடம் சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே" என்றார்.

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு மைதானத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். வரிசையாக வந்து வாயைத் திறந்தார்கள், மாட்டினேன். சுருட்டை கடைசியாக வந்தாள். கழுத்து வரை மூடிய மழைக்கோட்டு. அந்தச் சுருட்டை முடி மொத்தத்தையும் தொப்பிக்குள் திணித்திருந்தாள். முகத்தில் சாம்பல் பூச்சு, நெற்றியின் இடது பக்கம் ஒரு பெரிய காயம். காயம் பிரமாதம் என்று நானே பாராட்டினேன். இடது பக்கம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேல் வரிசைப் பல்லை மாட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினேன். என் விரல் அவள் வாய்க்குள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தட்டி, "போ, நல்லபடியா செத்துட்டு வா" என்றேன்.

விசில் ஊதியது. கோட்டைக் கழற்றினாள்.

சாம்பல் சட்டை. பாக்கெட் ஓரத்தில் பச்சை நூல். பொத்தான் ஒன்று தள்ளி மாட்டி, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இடுப்பில் ஸ்பானர் பெல்ட். கழுத்தில் அட்டை, அவளுடைய கோழிக் கிறுக்கலில்.

லிஃப்ட் மெக்கானிக்.
லிஃப்ட் குழியில் விழுந்து செத்தேன்.
கடைசியாகக் கேட்ட சொல்: போய் அந்த லிஃப்டுலயே கிட.

அது நான் சொன்னது.

நான்தான் சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, ஊரே படித்துவிட்டது. அன்று அவருக்கு விடுமுறை. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு அன்றைக்கு எங்காவது போகலாம் என்று இருந்தோம். கம்பெனியிலிருந்து போன் வந்தது, வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். அவர் பதில் பேசாமல் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டினார். பொத்தான் மாறிப்போயிருந்ததைப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். போகட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்று சொல்லாமல் விட்டேன். வாசலைத் தாண்டும்போது, "போய் அந்த லிஃப்டுலயே கிட" என்றேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை, கை காட்டவும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நெற்றியின் இடது பக்கம் காயம். அங்கேயும் பொத்தான் அப்படியேதான் மாறியிருந்தது.

இதைத்தான் அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

நான் மேஜையைத் தள்ளிவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "என்னடி இது? என்ன இது? கழட்டு. அந்தச் சட்டையைக் கழட்டு." என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மாட்டிய பல்லைக் காட்டி உறுமினாள். காலை இழுத்துக்கொண்டு அடுத்த அடி வைத்தாள். பேசக்கூடாதில்லையா, விதி. நான் அவள் முன்னால் போய் நின்றேன், அழுதேன், அட்டையைப் பிடித்து இழுத்தேன், நூல் அறுபடவில்லை. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் செருகி, என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டம் கைதட்டியது.

நான் அவளுடைய பெண்டாட்டி வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். ரெண்டு பேரும் சேந்து என்னமா நடிக்கறாங்க பாரு என்று ஒரு அம்மா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. போன்கள் எல்லாம் என் முகத்துக்கு நேராக நின்றன. அப்படியே ரோட்டுல உக்காந்துட்டேன். அதுக்கும் தட்டினாங்க.

"சிறந்த சாவு" பரிசு அவளுக்குத்தான். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

கடைக்குப் போனேன். நாற்காலியில் ஒருவர் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தார். காத்திருந்தேன். அவர் போனதும் சுருட்டை கதவைச் சாத்திவிட்டு, "உனக்காகத்தான் பண்ணேன்" என்று ஆரம்பித்தாள்.

எனக்காகவாம். நான் உள்ளேயே வைத்துப் புழுங்குகிறேனாம். ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று எங்கேயோ படித்தாளாம்.

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"அந்தச் சட்டையை யாருக்காவது குடுக்கத்தான குடுத்தேன்?"

"யாருக்குக் குடுத்தேன்னு சொல்லாதன்னு நீதான சொன்ன?"

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அது அவளுக்கே தெரியாமல் வந்தது. ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

"உன் பேரைப் போட்டேனா? அவர் பேரைப் போட்டேனா? யாருக்கு டி தெரியும்?" என்றாள். பிறகு சீப்பை எடுத்து முடியைத் தட்டிக்கொண்டே, கொஞ்சம் இறங்கின குரலில் சொன்னாள். "ஆறு வருஷமா நடக்கறேன். ஒரு தடவையாவது யாராவது என்னைத் திரும்பிப் பாத்தாங்களா? நான் யோசிக்கறதெல்லாம் சப்புன்னு இருக்கு. இது நல்ல கதை பல்லி. வீணாப் போகுதேன்னு இருந்துச்சு."

நல்ல கதை.

"மூணு வருஷமா நான்தான கேட்டேன்? ராத்திரி பகல்னு பாக்காம கேட்டேன். எனக்கும் அதுல ஒரு பங்கு இல்லையா?"

கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில்தான் புரிந்தது. எட்டாம் தேதி அவள் கண் கலங்கியது நிஜம். வரிசையாகக் கேட்டுக்கொண்டதும் நிஜம். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள், நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தரையில் கிடக்கிற முடி மாதிரி அதையெல்லாம் அவள் கூட்டி அள்ளி வைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? மடச்சி. முழு மடச்சி நான்.

மார்ச் 26, வியாழன்

உள்ளூர்ப் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் படம். சட்டை, அட்டை, அவள் பின்னால் வாயைப் பிளந்து அழுகிற நான். "கண்கலங்க வைத்த நடிப்பு" என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை அத்தையிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர் நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போகுது" என்றார்.

சாப்பிடும்போது வழக்கமான கேள்வி. "சிரிச்சுக்கிட்டே போனார் அத்தை" என்றேன்.

மார்ச் 28, சனி

முடிந்தது.

நாத்தனார்தான் அந்த நடை வீடியோவை அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு யாரோ அனுப்ப, அண்ணி நடித்திருக்கிறாள் பார் என்று பெருமையாக அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. அட்டையை அவள் படிக்கவே இல்லையாம்.

நான் லேபிலிருந்து வந்தபோது அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடியோ நின்றுபோன இடத்தில் அந்தப் பாக்கெட் தெரிந்தது.

"இது என் பையன் சட்டை. இந்தத் தையல் நான் போட்டது" என்றார். நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த அட்டையில என்ன எழுதியிருக்கு? கண்ணாடி போட்டும் தெரியல. படி."

"அத்தை…"

"படிம்மா."

படித்தேன். மூன்று வரியையும் படித்தேன்.

"இது யார் சொன்னது?"

"நான்தான்."

"அப்ப சிரிச்சுக்கிட்டே போனான்னியே?"

"அது பொய்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை அணைத்து மேஜையில் வைத்தார். எழுந்து போய் விளக்கைப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மூணு வருஷமா அதை நெனைச்சுத்தான் தூங்கறேன்" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். புதுத் தட்டில் அடுக்கிய துணியையெல்லாம் அவரே எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

சுருட்டையிடமிருந்து பதினோரு செய்திகள். படிக்காமல் அழித்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருக்கு எதுவுமே தெரியாதாம், அட்டையைப் பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்து மெக்கானிக் நினைவாகச் செய்தது என்று நினைத்தாராம். சுருட்டை பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றார். நல்லது என்றேன்.

"அடுத்த வருஷத்துலேர்ந்து அந்த மூணாவது வரியை எடுத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"எடுக்காதீங்க. அது என் வீட்டுக்காரர் வெச்சது. வரி மேல ஒண்ணும் தப்பில்ல."

கிளம்பும்போது, சுருட்டை அனுப்பியதாக ஒரு பையைக் கொடுத்தார். சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தானெல்லாம் சரியாக மாட்டி மடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் அன்று ரோட்டில்கூட வரவில்லை. நான் சொல்லாமல் விட்ட ஒன்றே ஒன்று, அதையும் இவள் சரிபண்ணிக் கொடுக்கிறாளாம். யாருடி கேட்டா உன்னை?

ஏப்ரல் 10, வெள்ளி

நாத்தனார் போன் செய்தாள். "அம்மா சரியா சாப்பிடறதில்ல அண்ணி. யார்கிட்டயும் பேசறதும் இல்ல." பிறகு, "நீங்க நிஜமாவே அப்படிச் சொன்னீங்களா?" என்றாள்.

"ஆமா."

"கோவத்துல யார் சொல்ல மாட்டாங்க. அது எனக்குப் புரியுது. ஆனா எங்க அம்மாவை இப்படி மூணு வருஷம் ஏமாத்தியிருக்க வேண்டாம் அண்ணி."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே ஒவ்வொரு சொல்லும் நின்று நின்று உள்ளே இறங்கியது. பதினைந்து இருபது நாளாக நான் சுருட்டையை மனதுக்குள் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மெக்கானிக்கின் சாவை எடுத்து நீ எப்படி இஷ்டத்துக்கு வேஷம் போடலாம் என்று. நான் என்ன செய்தேன்? ஒரு சாவை நானே எழுதி, சிரிப்பு வைத்து, கை காட்ட வைத்து, அந்த அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டேன். வாரம் ஒரு தடவை படித்தும் காட்டினேன். அவளை மன்னிக்கிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டியவை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். இரண்டரை மணி நேரம் பஸ். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன், போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

அத்தை பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "வா" என்றார். உட்காரச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். மடித்துக்கொண்டே சொன்னேன். விடுமுறை, போன், சண்டை, நான் கத்தியது, அவர் வாயைத் திறக்காமல் சட்டை போட்டது. பொத்தான் மாறியிருந்ததைப் பார்த்தும் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அத்தை தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னிக்குச் சாப்பிட்டானா?"

"இல்ல அத்தை. டீ மட்டும். அதுவும் பாதிதான்."

கையிலிருந்த தலையணை உறையை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அஞ்சு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் கூட்டமா இருக்கும். கிளம்பு" என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

லேபில் ஒரு பல் செட்டை மேலும் கீழும் மாற்றி வைத்துவிட்டேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 19, ஞாயிறு

அத்தையிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. என்ன சொல்லிச் செய்வது?

கடைத்தெருவில் எதிரே சுருட்டை வந்தாள். நின்றாள். "பல்லி" என்றாள். நான் நிற்கவில்லை. பத்தடி போன பிறகு கண் எரிந்தது. அவள் மேல் இருக்கிற கோபத்தைவிட, போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று பழக்கதோஷத்தில் ஒரு கணம் தோன்றியதே, அதுதான் கேவலமாக இருந்தது. அப்படி ஒருத்தி எனக்கு இனிமேல் கிடையாது. இருந்தவளும் நான் நினைத்தவள் இல்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் பெட்டியோடு அத்தை. வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. "பஸ்ல ஒரே வேகம், இடுப்பு போச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, நேராக அலமாரியைத் திறந்து துணிகளை அடுக்கினார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

சாயந்தரம் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அத்தை தானாகவே பேச ஆரம்பித்தார். மகன் சாவதற்கு முந்தின நாள் சாயந்தரம் அவருக்குப் போன் செய்திருக்கிறார். எனக்கு இது தெரியாது. ஏதோ பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார், அத்தை அப்போது வேறு ஒரு எரிச்சலில் இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம். மறுபடி கூப்பிடுவான், அப்போது சமாதானம் செய்துகொள்ளலாம் என்று இருந்தாராம்.

அது என்ன வார்த்தை என்று சொன்னார். நாலே சொல். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு டீ ஆறிப்போகும் நேரம் ஆனது. மெக்கானிக் சிரித்துக்கொண்டே போனார் என்று நான் சொன்னதை அத்தை வாரா வாரம் எதற்காகக் கேட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"என் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார்.

"சொல்ல மாட்டேன் அத்தை."

அந்த நாலு சொல்லை இங்கேயும் எழுதப்போவதில்லை.